புரோகிராம் மட்டும் போட்டுடு மச்சான்

உலகின் முதல் ரோபோ போட்டி கைலாயத்தில் நடந்தது. பரிசு ஒரே ஒரு மாம்பழம். நடுவர்கள் இருவர், இருவருமே போட்டியாளர்களைப் பெற்றவர்கள். இந்த ஏற்பாட்டில் உள்ள கோளாறை அன்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை. விதிமுறை ஒரே வரி: உலகத்தை முதலில் சுற்றி வருபவருக்குப் பழம்.

தம்பியிடம் மயில் இருந்தது. இறக்கை, வேகம், பளபளப்பு, புகைப்படத்துக்கு ஏற்ற தோகை எல்லாம் உண்டு. அண்ணனிடம் இருந்தது ஒரு மூஞ்சூறு. அதன்மேல் ஏறவிருந்த சுமையையும் மூஞ்சூறின் கால்களையும் சேர்த்துப் பார்த்தால் எந்த மெக்கானிக்கல் பேராசிரியரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அண்ணன் வண்டியைப் பற்றிக் கவலைப்படவில்லை. விதிமுறையை மட்டும் இரண்டாம் முறை படித்தார். அப்பா அம்மாவை ஒரு சுற்று சுற்றினார், பழத்தை வாங்கிக்கொண்டார். உலகம் முழுக்கப் பறந்து களைத்துத் திரும்பிய தம்பி நடுவர் தீர்ப்பை ஏற்காமல் பழனிக்குப் போய் மலையேறிவிட்டார். மேல்முறையீடு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

வண்டி கட்டுகிறவர்களுக்கும் வழி யோசிக்கிறவர்களுக்கும் நடுவே சண்டை அன்று ஆரம்பித்தது. மாணவர்கள் ரோபோ ஓட்டும் போட்டிகளின் வரலாறு முழுக்க அந்தச் சண்டைதான். ஒவ்வொரு தலைமுறையிலும் யாராவது ஒருவர் மயிலுக்கு இன்னொரு இறக்கை ஒட்டிக்கொண்டிருக்கிறார். பழம் வேறு பக்கம் போய்க்கொண்டே இருக்கிறது.

மேசைக்கு அடியில் மூளை

புராணத்தை விட்டு, ஆதாரம் உள்ள எலிகளுக்கு வருவோம். 1950இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கிளாட் ஷானன் ஓர் எலி செய்தார். இவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. 1948இல் தகவல் கோட்பாட்டை எழுதி, தந்தியிலிருந்து இன்று குடும்பக் குழுவில் வந்து விழும் ‘காலை வணக்கம்’ ரோஜாப்பூ வரை எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு வைத்தவர். அதை முடித்துவிட்டு அலுவலகத்தில் எலி ஓட்டிக்கொண்டிருந்தார். சம்பளமும் வந்துகொண்டிருந்தது.

எலியின் பெயர் தீசியஸ். 25 கட்டங்கள் கொண்ட புதிர்வழியில் அது முதல் தடவை முட்டி மோதி இலக்கைக் கண்டுபிடிக்கும். இரண்டாம் தடவை தயங்காமல் நேரே போய்ச் சேரும். பார்த்தவர்கள் எலியின் புத்தியை மெச்சினார்கள். எலிக்குப் புத்தியே கிடையாது. அது காந்தம் வைத்த மரப்பொம்மை. புத்தி மேசைக்கு அடியில், தொலைபேசி நிலையங்களில் புழங்கும் ரிலேக்கள் சுமார் 75 சேர்ந்த கூட்டமாக உட்கார்ந்திருந்தது. ஒரு மின்காந்தம் கீழிருந்தபடியே எலியை இழுத்துப் போயிற்று. மேடையில் நடப்பவர் ஒருவர், அடியிலிருந்து நடத்துபவர் வேறொருவர் என்ற ஏற்பாடு நம் அரசியல் வாசகர்களுக்குப் புதிதல்ல.

ஷானன் இன்னொரு காரியமும் செய்தார். எலி ஒரே வட்டத்தில் சுற்றிச் சுற்றி வந்தால் என்ன செய்வது? அதற்காகத் தனியே ஒரு சுற்று வைத்தார். அடிகளை அது எண்ணும். எண்ணிக்கை அளவு மீறினால் பழைய நினைப்பை உதறிவிட்டு எலியைப் புது வழி தேடவைக்கும். மாட்டிக்கொண்டால் வெளியே வருவது எப்படி என்ற கேள்வியை 1950லேயே ஒருவர் கேட்டு, பதிலையும் கம்பியில் முறுக்கி வைத்துவிட்டார். பின்னால் வந்த மாணவர் அணிகளில் பெரும்பாலானவை அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நமக்கு இத்தனை கதைகள் கிடைத்தது அதனால்தான்.

சுவரைப் பிடித்தவன் ஜெயித்தான்

1977இல் ஐ.ஈ.ஈ.ஈ. என்ற அமெரிக்க மின்பொறியாளர் அமைப்பின் ‘ஸ்பெக்ட்ரம்’ பத்திரிகை, தானே வழி கண்டுபிடித்து ஓடும் குட்டி எலிகளுக்குப் போட்டி அறிவித்தது. மைக்ரோபிராசசர் அப்போதுதான் சாமானியர் கைக்கு எட்டியிருந்தது. அதை வைத்து என்ன செய்வது என்று பொறியாளர்கள் விழித்துக்கொண்டிருந்த நேரம். ஆயிரக்கணக்கானோர் பெயர் கொடுத்தார்கள். 1979 ஜூனில் நியூயார்க்கில் இறுதிச் சுற்று நடந்தபோது எலியோடு வந்து நின்றவர்கள் ஒரு சிறு கூட்டம். மீதிப் பேரின் எலிகள் ‘வயரிங் மட்டும் பாக்கி’ என்ற நிரந்தர நிலையில் வீட்டில் இருந்திருக்கும்.

வந்தவற்றில் அறிவாளி எலிகள் இருந்தன. போன பாதையை நினைவில் வைக்கும், முட்டுச்சந்தைக் குறித்துக்கொள்ளும், யோசித்து யோசித்து நகரும். கூடவே ஒரு முரட்டு எலியும் வந்தது. அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: ஒரு பக்கச் சுவரை விடாமல் பிடித்துக்கொண்டு முழுவேகத்தில் ஓடுவது. நினைவு இல்லை, வரைபடம் இல்லை, லட்சியம் இல்லை. அதுதான் ஜெயித்தது.

அறிவாளிகள் முகத்தில் ஈயாடவில்லை. உண்மையில் அங்கே தோற்றது எலிகளின் மூளை இல்லை, விதி எழுதியவர்களின் மூளை. நுழைவாயிலையும் வெளிவாசலையும் புதிர்வழியின் வெளிச்சுவரிலேயே வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட புதிரில் சுவரைத் தடவிக்கொண்டே போனால் எந்த மக்கும் வெளியே வந்துவிடும். முரட்டு எலியைச் செய்தவர்கள் கேள்வித்தாளைச் சரியாகப் படித்து, ஒரு வரி விடை எழுதி, முழு மதிப்பெண் வாங்கிப் போனார்கள். நீளமான புரோகிராம்தான் நல்ல புரோகிராம் என்று நினைப்பவர்கள் இந்த எலியின் படத்தைக் கணினிக்கு மேல் மாட்டி வைக்கலாம்.

கைலாயத்தில் செய்யாததை இங்கிலாந்தில் செய்தார்கள்: விதியைத் திருத்தினார்கள். போர்ட்ஸ்மத் பாலிடெக்னிக்கைச் சேர்ந்த ஜான் பில்லிங்ஸ்லி 1980இல் லண்டனில் நடந்த யூரோமைக்ரோ போட்டிக்கு இலக்கைப் புதிரின் நடுவே கொண்டுபோய் வைத்தார். நடுப்பகுதிச் சுவர்கள் வெளிச்சுவரோடு ஒட்டாமல் தீவாக நின்றால், சுவர் பிடித்து ஓடும் எலி ஆயுள் முழுக்க ஊர்வலம் வரலாம், கருவறையைப் பார்க்காது. அந்த வருடம் நிக் ஸ்மித் செய்த ‘ஸ்டெர்லிங் மவுஸ்’ நடுவே போய்ச் சேர்ந்தது. அதைவிட முக்கியம், சேர்ந்துவிட்டோம் என்பது அதற்குத் தெரிந்திருந்தது. இலக்கை அடைந்தும் அடைந்தது தெரியாமல் தாண்டிப் போவது மனிதர்களிடமும் உள்ள குறைதான், எலிகளை மட்டும் சொல்லிப் பயனில்லை.

அதன்பின் மைக்ரோமவுஸ் உலகம் ஒழுங்குக்கு வந்தது. பதினாறுக்குப் பதினாறு கட்டம், ஒவ்வொரு கட்டமும் 18 சென்டிமீட்டர். எலிகள் கைக்கொண்ட முறைக்கு ‘வெள்ளம் நிரப்புதல்’ என்று பெயர். நடுவில் தண்ணீர் ஊற்றியதாக எலி கற்பனை செய்துகொள்கிறது. நடுக்கட்டத்துக்குப் பூஜ்யம், அடுத்ததற்கு ஒன்று, அதற்கடுத்ததற்கு இரண்டு என்று தண்ணீர் போய்ச் சேரும் தூரத்தை ஒவ்வொரு கட்டத்திலும் எழுதுகிறது. பிறகு எண் குறைகிற திசையில் நடக்கிறது. வழியில் புதுச் சுவர் எதிர்ப்பட்டால் திட்டுவதில்லை. கணக்கைத் திருத்தி எழுதுகிறது. முதல் ஓட்டம் ஊரைத் தெரிந்துகொள்ள, அடுத்தடுத்த ஓட்டங்கள் நேரத்தைக் குறைக்க. தன் எதிர்பார்ப்பு பொய்யானதும் அதை அழித்துவிட்டு மறுபடி கணக்குப் போடும் பண்பு ஒரு கைப்பிடி எலிக்கு வாய்த்திருக்கிறது. கேபினட் அமைச்சர்களைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

கடவுளின் பார்வையில் ஒரு லெகோ வண்டி

இதே காலத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வகுப்புவாதம் தலைதூக்கியது. மெக்கானிக்கல் துறையில் வூடி ஃப்ளவர்ஸ் என்ற பேராசிரியர் ஒரு பை நிறைய உதிரிப் பொருள்களைக் கொடுத்து, ‘எதையாவது செய்து மோதுங்கள்’ என்ற வகுப்பை நடத்திப் பேர் வாங்கியிருந்தார். அந்த வகுப்பின் எண் 2.70. அதைப் பார்த்துக் கணினித் துறை மாணவர்களுக்கு வயிறு எரிந்தது. 1987 ஜனவரியில் மைக் பார்க்கர் என்ற மாணவர் 6.270 என்று பெயர் வைத்துத் தங்களுக்கென ஒரு போட்டியைத் தொடங்கினார். கணினித் துறைக்காரர்கள் அல்லவா, முதலில் ரோபோவே இல்லை. கணினிக்குள்ளேயே ரோபோக்களை மோதவிட்டார்கள். ஓரிரு வருடம் கழித்துத்தான் லெகோ கட்டைகளும் நிஜ மோட்டாரும் வந்தன.

நிஜ மோட்டார் வந்ததும் நிஜமான கண்ணீரும் வந்தது. காகிதத்தில் மாணவர்கள் எழுதியது இப்படி: ‘இரண்டு விநாடி நேராகப் போ. கால் விநாடி வலப்பக்கம் திரும்பு. பந்தை எடு.’ வாசிக்க அழகாக இருக்கும். பேட்டரி புதிதாக இருக்கும்போது கால் விநாடியில் ரோபோ 90 பாகை திரும்பும். மாலையில் பேட்டரி தளர்ந்ததும் 70 பாகைதான் திரும்பும். அதன்பின் அது எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியும் தன்னம்பிக்கையோடு எடுத்து வைக்கும் தவறான அடி. பந்து இல்லாத இடத்தில் குனிந்து, இல்லாத பந்தை எடுத்து, இல்லாத கூடையில் போட்டுவிட்டு, வேலை முடிந்ததென்று நிற்கும்.

இந்தப் போட்டியை நடத்தியவர்களில் ஒருவரான ஃப்ரெட் மார்ட்டின் இதையே ஆராய்ச்சிப் பொருளாக்கினார். மாணவர்கள் மேசைக்கு மேலே நின்று கடவுளைப்போல எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். தாங்கள் பார்ப்பதையெல்லாம் ரோபோவும் பார்ப்பதாக நினைத்துப் புரோகிராம் எழுதுகிறார்கள் என்றார். ‘எல்லாம் அறிந்த ரோபோ’ என்ற மயக்கம் என்று அதற்குப் பெயரும் வைத்தார். பாவம், ரோபோவுக்குத் தெரிந்தது ஒரு முட்டுப் பொத்தானும் இரண்டு ஒளி உணரிகளும்தான். சுவர் தட்டினால் சுவர், தட்டாவிட்டால் பிரபஞ்சம்.

நல்ல புரோகிராம் எங்கே பிரிகிறது என்பது இங்கே தெரிகிறது. ‘வலப்பக்கம் திரும்பு’ என்பது கட்டளை. ‘கோடு தெரியும்வரை திரும்பு, மூன்று விநாடியில் தெரியாவிட்டால் பின்வாங்கி மறுபடி தேடு’ என்பது புரோகிராம். முன்னது உலகம் நாம் சொன்னபடி நடக்கும் என்று நம்புகிறது. பின்னது உலகத்தை ஒரு தடவை பார்த்திருக்கிறது.

பதினைந்து விநாடிச் சுதந்திரம்

வூடி ஃப்ளவர்ஸின் வகுப்பைப் பார்த்து மயங்கியவர்களில் டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளரும் ஒருவர். அவர் 1989இல் ஃபர்ஸ்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார். 1992இல் நியூ ஹாம்ப்ஷயரின் மான்செஸ்டர் நகரில், ஓர் உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில் 28 அணிகளோடு முதல் போட்டி. பெரிய ரோபோக்கள், பெரிய சத்தம். ஆனால் ஒரு ரகசியம் உண்டு: பத்து வருடங்களுக்கு மேலாக அந்த ரோபோக்கள் தாமாக எதுவும் செய்யவில்லை. பிள்ளைகள் கையில் ஜாய்ஸ்டிக் இருந்தது. புரோகிராம் எழுதுகிறவன் அணியில் இருந்தான், டி-ஷர்ட் கொடுத்தார்கள், சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கச் சொன்னார்கள்.

2003இல் நிர்வாகிகளுக்கு விபரீத யோசனை வந்தது. ஆட்டத்தின் முதல் 15 விநாடி யாரும் கட்டுப்பாட்டைத் தொடக் கூடாது, ரோபோ தானாக ஓட வேண்டும் என்றார்கள். சரிவுமேடை உச்சியில் பிளாஸ்டிக் பெட்டிகளைச் சுவராக அடுக்கியிருந்தார்கள். அதை முதலில் போய் மோதிச் சரிக்கிறவருக்கு லாபம். ஒரே இரவில் புரோகிராம் எழுதுகிறவன் வீட்டு மாப்பிள்ளை ஆனான். ‘தம்பி, பதினைந்து விநாடிதானே, ஏதாவது பண்ணிக் கொடு’ என்று கேப்டனே வந்து காபி வாங்கிக் கொடுத்தான்.

தம்பிக்குக் கொடுத்திருந்த கருவியின் நிலை என்ன தெரியுமா? மாறிகளை வைத்துக்கொள்ள 26 பைட் இடம். ஒரு முழு வீட்டு முகவரியை அதில் எழுத முடியாது. அந்த இடத்துக்குள் ரோபோ எங்கே இருக்கிறது, எங்கே போக வேண்டும், தரையில் ஒட்டிய கோடு தெரிகிறதா என்ற எல்லாவற்றையும் வைத்துத்தான் அன்று எழுதினார்கள். அதில் முடித்துக் காட்டியவர்கள், ஜாய்ஸ்டிக்காரன் கையை உயர்த்திக்கொண்டு நின்ற அந்தப் பதினைந்து விநாடியிலேயே சரிவுமேடை உச்சியில் இருந்தார்கள்.

பாலைவனத்தில் பல்கலைக்கழகங்கள்

இதுவரை விழுந்தவை லெகோ கட்டைகள். இனி விழப்போகிறவை லாரிகள். 2004 மார்ச் 13 அன்று அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா, மோஹாவி பாலைவனத்தில் ஆளில்லா வண்டிகளுக்குப் பந்தயம் வைத்தது. சுமார் 142 மைல் பாதை, முதல் பரிசு 10 லட்சம் டாலர். பல்கலைக்கழகங்கள் மாணவர் பட்டாளத்தோடு இறங்கின. தகுதி பெற்றவை 15 வண்டிகள். சேர்ந்தவை பூஜ்யம். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ‘சாண்ட்ஸ்டார்ம்’ என்ற ராட்சத ஹம்மர்தான் அதிகத் தூரம் போனது: ஏழரை மைலுக்கும் கொஞ்சம் குறைவு. அதன்பின் ஒரு கொண்டை ஊசி வளைவில் கரையேறி மாட்டிக்கொண்டு, சக்கர ரப்பர் புகைய நின்றுவிட்டது.

பெர்க்லி மாணவர் ஒருவரின் அணி கொண்டுவந்ததுதான் அன்றைய தினத்தின் மாணிக்கம். எல்லோரும் நாலு சக்கரம் கொண்டுவர, அவர்கள் ஆளில்லா மோட்டார் சைக்கிள் கொண்டுவந்தார்கள். ஓட்டுபவர் இல்லாமல் நிமிர்ந்து நிற்கும், தானே சமநிலை பார்த்துக்கொள்ளும். உலகமே வியந்த பொறியியல். பச்சைக்கொடி அசைந்தது. வண்டி கிளம்பியது. கிளம்பிய இடத்திலேயே தொப்பென்று விழுந்தது. சமநிலை பார்க்கும் அமைப்பின் சுவிட்சைப் போட மறந்துவிட்டார்கள். அந்த மோட்டார் சைக்கிள் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, யாரோ பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

இதற்குப் புரோகிராம் என்ன செய்யும் என்று கேட்கக் கூடாது. கிளம்புமுன் எல்லாச் சாதனமும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் நகர மறுக்கும் பத்து வரிக்குப் பெயரும் புரோகிராம்தான். அழகில்லாத பத்து வரி. யாரும் ஆராய்ச்சிக் கட்டுரையில் போட மாட்டார்கள். பல வருட உழைப்பைக் காப்பாற்றுவது பெரும்பாலும் அந்த மாதிரி வரிகள்தான்.

அடுத்த வருடம், 2005 அக்டோபர் 8. பரிசு 20 லட்சம் டாலர், பாதை 132 மைல். இந்தத் தடவை மயில் தரப்புக்கும் எலி தரப்புக்கும் நேரடி மோதல். கார்னகி மெலன் இரண்டு ஹம்மர்களோடு வந்தது. குலுக்கலில் லேசர் ஆடாமலிருக்கத் தலையில் சுழலும் தாங்கி, பாதை விவரம் கைக்கு வந்ததும் உட்கார்ந்து அதைத் திருத்த ஒரு படை என்று ஏக ஏற்பாடு. ஸ்டான்ஃபோர்ட் அணியின் செபாஸ்டியன் துருன் ஒரு ஃபோக்ஸ்வாகன் டூவாரெக்கைக் கொண்டுவந்து, இது சாஃப்ட்வேர் பிரச்சினை, இதற்கு வண்டியைக் குடைந்து பிரயோசனமில்லை என்ற கொள்கையில் நின்றார். ‘ஸ்டான்லி’ என்று பெயர்.

வண்டி குலுங்கினால் லேசர் கணக்குத் தப்பும். வெறும் மண் பாறையாகத் தெரியும். வண்டி இல்லாத பாறைக்குப் பயந்து ஒதுங்கும். கார்னகி இதற்குத் தாங்கி செய்தது. ஸ்டான்ஃபோர்ட் வேறு காரியம் செய்தது. ஒரு மனிதரை வண்டியை ஓட்டச் சொன்னார்கள். மனிதர் ஓட்டிப் போன இடமெல்லாம் போகத்தக்க தரைதானே, அங்கே பாறை தெரிவதாக லேசர் சொன்னால் லேசர் சொல்வது பொய். எந்த அளவு பொய் சொல்லும் என்பதை அந்தத் தரவிலிருந்தே கணினியைக் கற்றுக்கொள்ளச் செய்தார்கள். உணரி நிச்சயம் பொய் சொல்லும் என்று எதிர்பார்த்துப் புரோகிராம் எழுதிய அணி 6 மணி 54 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. 20 லட்சத்தை வாங்கிக்கொண்டது. சாண்ட்ஸ்டார்ம் பதினொரு நிமிடம் பின்னால் வந்தது.

பரணில் சேர்ந்த புதர்கள்

அதே பந்தயத்தில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக இளங்கலை மாணவர்களின் வண்டிக்கு நடந்ததுதான் என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றின் உச்சக் காட்சி. அவர்கள் வண்டி நன்றாகத்தான் ஓடும், சுமார் 40 நிமிடம் வரை. அதற்கு மேல் கணினி மந்தமாகும், பிறகு கேட்டதற்குப் பதில் சொல்லாது. அந்த நேரம் பார்த்து ஆக்ஸிலரேட்டர் அழுத்தத்தில் இருந்தால் வண்டி நேரே புதருக்குள் போகும், யாராவது ஓடிப்போய் நிறுத்த வேண்டும். புரோகிராமை அச்செடுத்து வரிவரியாகப் படித்தார்கள். தாண்டிப் போன தடைகளைப் பட்டியலிலிருந்து நீக்கும் வரி கண்ணெதிரே இருந்தது. பந்தயத்துக்கு முந்தைய இரவு ஒரு மெக்டொனால்ட்ஸ் கடையில் உட்கார்ந்து யோசித்தும் விடை கிடைக்கவில்லை. பொறியியல் மாணவர்கள் உலகெங்கும் எடுக்கும் முடிவையே எடுத்தார்கள்: 40 நிமிடம் ஆனதும் வண்டியை நிறுத்தி ரீபூட் செய்துவிடலாம்.

பாலைவனம் சோதனைத் திடல் இல்லையே. அங்கே சாலையோரம் முழுக்கப் புதர். வண்டி ஒவ்வொரு புதரையும் தடையாகப் பதிவு செய்துகொண்டே போனது. 28ஆவது நிமிடத்திலேயே கணினி படுத்துவிட்டது. ரீபூட்டுக்கு இன்னும் 12 நிமிடம் இருந்தது.

கோளாறைப் பின்னால் கண்டுபிடித்தார்கள். தடையைப் பட்டியலிலிருந்து நீக்கியது உண்மைதான். ஆனால் வண்டி நகரும்போதெல்லாம் செய்தி பெறுவதற்காக அந்தத் தடை இன்னோர் இடத்தில் பெயர் கொடுத்திருந்தது. அங்கே பெயரை அடிக்கவில்லை. தாத்தாவின் உடைந்த குடை வேண்டாம் என்று அம்மா முடிவு செய்துவிட்டாள், ஆனால் ‘அது எனக்கு வேணும்’ என்று அத்தை சொல்லி வைத்திருக்கிறாள் என்றால் குடை பரணைவிட்டு இறங்குமா? அவர்கள் எழுதிய சி ஷார்ப் மொழி குப்பையைத் தானே அள்ளிப் போடும், ஆனால் யாராவது ஒருவர் உரிமை கோரும் பொருளைக் குப்பை என்று நினைக்காது. பாலைவனத்தின் எல்லாப் புதர்களும் கணினியின் பரணில் ஏறி உட்கார்ந்துகொண்டன. இஞ்சின் சரி, கேமரா சரி, டயர் சரி. ஒரு சின்னத் திருத்தம் குறைந்தது, ஒரு வருடம் போயிற்று.

இந்தக் கோளாறு குறுகிய ஓட்டத்தில் தெரியவே தெரியாது. போட்டி எவ்வளவு நேரமோ அதைவிட அதிக நேரம், போட்டியில் வருவதைவிட அதிகத் தொல்லை கொடுத்து ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு வண்டி புரோகிராம்காரன் கையில் இருக்க வேண்டும்.

நிற்கிறானா, நகர்கிறானா

2007 நவம்பர் 3இல் டார்ப்பா பந்தயத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. இடம் கலிபோர்னியாவின் விக்டர்வில். எம்.ஐ.டி.யின் வண்டி டாலோஸ். கார்னெல் பல்கலைக்கழகத்தின் வண்டி ஸ்கைநெட். ‘டெர்மினேட்டர்’ படத்தில் மனிதகுலத்தை அழிக்கக் கிளம்பும் கணினியின் பெயரை வைத்திருந்தார்கள். அழிக்கவில்லை, தயங்கியது. நின்றது, ஊர்ந்தது, மறுபடி நின்றது. டாலோஸின் புரோகிராமுக்குக் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் போனால்தான் அது வண்டி, இல்லாவிட்டால் தடை. இது ஏதோ தெருவில் கிடக்கும் சாமான் என்று முடிவுகட்டி டாலோஸ் தாண்டிப்போய் முன்னால் வளைந்தது. சாமான் அந்த நேரம் பார்த்துக் கிளம்பியது. இரண்டும் மெதுவாக, மரியாதையாக இடித்துக்கொண்டன. யாருக்கும் காயமில்லை. நம் ஊராக இருந்தால் இறங்கிச் சட்டையைப் பிடிக்கலாம்; இறங்க ஆளில்லை. இரு அணிகளும் பின்னால் பதிவுகளை ஒப்பிட்டு, ஏன் மோதினோம் என்று சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதின. ஒவ்வொரு நொடியும் வண்டி என்ன பார்த்தது, என்ன நினைத்தது என்பதைப் பதிவு செய்யும்படி புரோகிராம் எழுதியிருந்ததால்தான் அது முடிந்தது. பதிவு இல்லாத அணிகளிடம் கேட்டால் கிடைப்பது ஒரே பதில்: ‘நேத்து நல்லா ஓடிச்சு சார்.’

புரோகிராம்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளுமுன் ஒரு வார்த்தை. 2005இல் கார்னகி மெலனின் இரண்டாவது ஹம்மரான ‘ஹைலேண்டர்’ இஞ்சின் வலுவிழந்ததால்தான் பின்தங்கியது. இஞ்சினோடு இணைந்த ஒரு சிறு மின் பாகம்தான் காரணம் என்பது பல வருடம் கழித்துத் தெரியவந்தது. செத்த இஞ்சினை எந்தப் புரோகிராமும் ஓட்டாது. எலிக்கும் கால் வேண்டும்.

ஆனால் கால் செய்பவர்கள் எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பாருங்கள். நம் பொறியியல் கல்லூரிகளின் தொழில்நுட்ப விழாக்களில் வருடா வருடம் நடக்கும் நாடகம் இது. இரண்டு மாதம் வெட்டுவார்கள், துளைப்பார்கள், ஒட்டுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். போட்டிக்கு முந்தைய நாள் இரவு பதினோரு மணிக்கு ரோபோவைக் கணினிப் பையனின் கட்டில்மேல் வைத்துவிட்டு, ‘எல்லாம் முடிஞ்சுது, புரோகிராம் மட்டும் போட்டுடு மச்சான்’ என்று தூங்கப் போவார்கள். அவன் விடுதி அறையின் டியூப்லைட் வெளிச்சத்தில் கோடு பார்க்கும் உணரியைச் சரிசெய்வான். மறுநாள் அரங்கத்து விளக்கில் கறுப்புக்கோடு வெள்ளையாகவும் வெள்ளைத்தரை வேறெதாகவும் தெரியும். ரோபோ நடுவரின் காலைத் தேடிப் போகும். பழி அவன்மேல் விழும்.

ஆகவே ரோபோ போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இருக்கும் நாள்களில் பாதி முடிந்ததும் ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கிப் பூட்டி வையுங்கள். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, வண்டியைப் புரோகிராம் எழுதுகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள். பேட்டரி இறங்கிய பின்னும் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், விளக்கை மாற்றி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், வழியில் காலை நீட்டித் தொந்தரவு செய்யுங்கள். கிளம்புமுன் எந்தெந்தச் சுவிட்சைப் போட வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி வண்டிமேலேயே ஒட்டுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அணியில் யார் பேச்சுக்கு மதிப்பு என்பதை முதல் வாரத்திலேயே தீர்த்துவிடுங்கள். ஒரு மூலையில் உட்கார்ந்து, யாரிடமும் பேசாமல், திரையைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டிருக்கும் பெண்ணோ பையனோ கண்ணில் பட்டால், அவர்களுக்கு முதலில் டீ வாங்கிக் கொடுங்கள். போட்டியில் ஓடப்போவது அவர்கள் எழுதியதுதான்.